அஞ்சு ஜோடி

– நிப்பாட்டச் சொல்லுங்க சார்! அந்த ஜேசிபிய மொதல்ல நிப்பாட்டச் சொல்லுங்க! உள்ள ஆளு கெடக்கு!

– ஏம்மா, கயித்தத் தாண்டி வராத. மிச்சம் நிக்கிற சுவரும் எப்ப விழும்னு தெரியல. யாரு நீ?

– கருப்பம்மா சார். இந்த வீட்ட இடிக்க வந்த சித்தாளு. எங்கூட வேல பாக்குற புள்ள காளீஸ்வரி உள்ள இருக்கா சார். நெஞ்சறியச் சொல்றேன், அவ வெளிய வரல.

– உள்ள யாரும் இல்லம்மா. ஃபயர் வண்டிய விட்டு எறங்குனதும் நான் பண்ணுன மொத வேலையே அதுதான். மேஸ்திரி நோட்ட வாங்கி நானே பேரு கூப்டேன். அஞ்சு பேரு. அஞ்சு பேருக்கும் 'வந்தாச்சு'ன்னு குரல் வந்துச்சு. அதுக்கப்புறந்தான் மிஷினையே உள்ள விட்டேன்.

– எல்லாரும் வந்தாச்சுன்னு எவன் சொன்னது? எந்தக் கண்ணவிஞ்ச மூதி சொன்னது? அந்த நாக்கு அழுகிப் போக!

– பாரும்மா, சாபம் விடுறதுக்கு நேரமில்ல. மேஸ்திரி! யோவ் அழகுராஜா, இங்க வா. காளீஸ்வரின்னு ஒரு பொண்ணு உள்ள மாட்டியிருக்குன்னு இந்தம்மா சொல்லுது.

– அது வந்து சார், நான் என்ன சொல்ல வாரேன்னா, நோட்டுல நீங்களே பாத்தீக. காளீஸ்வரின்னு பேரே கெடையாது. நோட்டு பக்காவா இருக்கு பாண்டியராஜன் சார்.

– நோட்டுல பொம்பளைக பேர நீங்க என்னைக்கு மேஸ்திரி எழுதுனீக? எம்பேரு இருக்கா அதுல? எங்கூட வேல பாக்குற ஆயி பேரு இருக்கா? சார், இவுக ஜோடியாத்தான் ஆளெடுப்பாக. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்து ஒரு ஜோடி. ஆம்பள பேரத்தான் எழுதுவாக. பொம்பள அதுக்குள்ளயே அடக்கம்.

– என்னய்யா இது? எத்தன பேருன்னு நான் கேட்டப்ப அஞ்சுன்னு சொன்ன?

– அஞ்சு ஜோடி சார். நாங்க பேச்சுவாக்குல அஞ்சுன்னே சொல்லிருவோம். அது காலகாலமா உள்ள வழக்கம் சார். கூலியக்கூட ஜோடிக்குன்னு ஆம்பள கையிலதான் குடுக்குறது.

– அப்ப மொத்தம் பத்துப் பேரு.

– பத்துதான் சார். ஆனா ஜோடியில ஒருத்தரு 'வந்தாச்சு'ன்னா ரெண்டு பேரும் வந்தாச்சுன்னுதான் அர்த்தம். கணக்கு சரியாத்தான் இருக்கு.

– பத்துத் தலையையும் நீ எண்ணிப் பாத்தியா?

– நான் அப்ப ரோட்டுல நின்னு எஞ்சினியர்ட்டப் போன்ல பேசிக்கிட்டு இருந்தேன் சார். விசயத்தச் சொல்லணும்ல.

– அஞ்சு ஹெல்மெட்டு வாங்கிப் போட்டிருக்காக, அதையும் கேளுங்க சார். அஞ்சும் ஆம்பளப் பேருக்கு. எங்க தலைக்கு சும்மாடுதான். செங்கல்லு விழுந்தா சும்மாடு தாங்குமா? ஐயோ, நான் வேற என்னத்தையோ பேசிக்கிட்டு இருக்கேன். மிசின நிப்பாட்டுங்க சார், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!

– இரும்மா. பதறாம ஒண்ணொண்ணாச் சொல்லு. மிஷின் ஓடுறது பின்கட்டுல. நீங்க வேலை பாத்தது முன்னாடி முத்தம் இருக்குற வளவுல. முன்தெரு சந்து மாதிரி இருக்கு, கரண்டுக் கம்பி வேற குறுக்க போகுது. அதனாலதான் மிச்சச் சுவர எறக்க பின்தெரு வழியா அடுப்படிப் பக்கம் இடிச்சு வழி பண்றோம். அங்க இன்னைக்கு யாருக்கும் வேலையே இல்லன்னு மேஸ்திரி சொன்னாரு.

– வேல இல்லதான் சார்.

– அப்புறம் அந்தப் பொண்ணு அங்க எதுக்குப் போச்சு?

– அது... ஆம்பளைக முன்னாடி எப்பிடிச் சொல்றது?

– சொல்லும்மா!

– ஒதுங்கப் போனா சார்.

– என்னது?

– ஒண்ணுக்குப் போனா சார்! இந்தத் தெருவுல வாசலு, அடுத்த தெருவுல கொல்ல, இத்தாம் பெரிய வீடு. இதுல பொம்பளைக்கு ஒதுங்க ஒரு மறப்பு கெடையாது. தார்ப்பாயில நாலு பக்கம் கட்டிக் குடுங்கன்னு மேஸ்திரிட்ட எத்தன நாளாக் கேக்குறோம். ஆம்பளைக சுவத்தப் பாத்து நின்னுருவாக. நாங்க என்ன செய்ய? காலையில எட்டு மணியில இருந்து அடக்கிக்கிட்டுக் கெடந்து, அவுக டீக்கடைக்குப் போற நேரம் பாத்து அடுப்படிக்குப் பின்னால ஓடுவோம். ஒருத்தி போவா, ஒருத்தி காவல் நிப்பா.

– சரி.

– பாதி நாளு தண்ணியே குடிக்க மாட்டோம் சார். குடிச்சாத்தான போகணும். காளிக்கு அதுலயே நீர்க்கடுப்பு வந்து, போன மாசம் ரத்தமாப் போச்சு. தண்ணி குடிக்காட்டி கிட்னி போயிரும்டின்னு டாக்டரம்மா வஞ்சு விட்டுச்சு. இன்னைக்கு நான்தான் வம்பா ஒரு செம்புத் தண்ணியக் குடிக்க வச்சேன். வேணாம் வேணாம்னா. நான்தான் சார் குடிக்க வச்சேன்.

– நீ காவலுக்கு நிக்கலையா?

– நின்னேன். ரெண்டாங்கட்டு நெலப்படிகிட்ட நின்னேன். ஓடு அடுக்க ஆளில்லன்னு மேஸ்திரி கூப்ட்டாக. இந்தா வாரேன்டின்னு சொல்லிட்டு முன்னால வந்தேன். பத்து எட்டு வச்சிருக்க மாட்டேன். தடதடன்னு மேல இருந்து எல்லாம் வந்துருச்சு. எப்பிடித் தெருவுல வந்து விழுந்தேன்னே எனக்குத் தெரியல.

– அது வந்து சார், இவ பயந்து போயி என்னென்னமோ பேசுறா. நான் என்ன சொல்ல வாரேன்னா, காளீஸ்வரி இன்னைக்கு வேலைக்கே வரல சார்.

– அடப்பாவி! அடேய், நீ சோத்தத்தான் திங்கிறியா? எனக்குக் கொஞ்சம் நெதானம் வந்து பக்கத்துல பாத்தா காளியக் காணோம். காளி எங்க, காளி எங்கன்னு அலறுனேன். நீதான சொன்ன? அவ பின்வாசல் வழியா ஓடி வந்துட்டா, ஆம்புலன்ஸுல ஏத்திட்டாக, ஆஸ்பத்திரிக்குப் போயிப் பாருன்னு நீதான சொன்ன? நான் ஆட்டோவப் பிடிச்சு ஓடுனேன். அங்க கெடந்தது ஆயி. நாகநாதன் பொண்டாட்டி, கால ஒடிச்சுக்கிட்டுக் கெடக்கா. வார்டு வார்டாத் தேடுனேன், காளி இல்ல. வேலைக்கே வராதவ எப்பிடிடா ஆம்புலன்ஸுல போவா?

– என்னய்யா மேஸ்திரி?

– யாரோ ஒரு பொம்பளைய ஏத்துனாக சார். இவ கத்திக்கிட்டே இருந்தாளா, ஒரு வாக்குல சொல்லிப்புட்டேன்.

– சார், அவ போனுக்கு அடிங்க. நம்பரு எனக்கு மனப்பாடம்.

– சொல்லு. ம்... ம்... ரிங் போகுதும்மா. எடுக்கல.

– சத்தம் எங்க கேக்குதுன்னு பாருங்க சார்.

– மேஸ்திரி, உன் தோள்ல தொங்குற பைக்குள்ள ஏன்யா அடிக்குது?

– அது வந்து சார்...

– தூணு, கதவு, நெல எல்லாம் வெளியூரு யாவாரிக்குப் போகுது சார். நாங்க போட்டோ எடுத்து வாட்ஸப்புல விட்டுருவோம்னு எங்க போனையெல்லாம் காலையிலயே புடுங்கிப் பையில போட்டுக்குவாக. சாயங்காலந்தான் திருப்பிக் குடுப்பாக. வேலைக்கு வராதவ போனு இவுக பைக்குள்ள எப்பிடி வந்துச்சு? கேளுங்க சார்!

– ஏய், ஜேசிபிய நிறுத்து! ஆஃப் பண்ணு, சாவிய எடு! எல்லாரும் அடுப்படிப் பக்கம் போங்க. மம்பட்டி, கடப்பாரை ஒண்ணும் வேணாம், கையால எடுங்க. ஒவ்வொரு கல்லா எடுங்க! நீ இங்கயே நில்லும்மா, கூப்டுறேன்.

– ஏத்தா கருப்பம்மா. இங்குட்டு வா. ஆபீசர் அங்குட்டுப் போயிட்டாரு. ஒரு நிமிசம் நான் சொல்றதக் கேளு.

– கைய எடு மேஸ்திரி.

– எந்த ஜோடின்னு கேப்பாரு. வாயத் தொறந்துறாத. தொறந்தா எனக்கு மட்டுமில்ல, ஒனக்கும் ஜெயிலுதான். ஆள்மாறாட்டம்பாக. நோட்டுல ரேகை வச்சது நீ.

– வைக்கச் சொன்னது நீ.

– வேல கேட்டு ரெண்டு பேரும் எத்தன நாளு என் வீட்டு வாசல்ல நின்னீக? பாவம்னு பாத்தேன். பாவம் பாத்த குத்தத்துக்கு நான் கம்பி எண்ணணுமா? எனக்கும் ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்கு.

– காளிக்கும் ஒண்ணு இருக்கு. நாலாப்பு. இந்நேரம் பள்ளிக்கூடத்துல தட்டத் தூக்கிக்கிட்டு வரிசையில நிக்கும்.

– தெரியும்த்தா. அந்தப் புள்ளைக்கு என்னால ஆனதச் செய்யிறேன். நெசமாச் சொல்றேன்.

– நீ ஒரு மண்ணும் செய்ய வேணாம். தூண உருவாதீகன்னு மருதுபாண்டி அண்ணன் காலையிலயே சொன்னாகளா இல்லையா? ஓட்ட எறக்கி, உத்தரத்த எறக்கி, அப்பறம் தூணு. பச்சப்புள்ளயக் கேட்டாலும் சொல்லும். லாரி வந்து நிக்குது, லாரி வந்து நிக்குதுன்னு நாலு தேக்குத் தூணையும் மொதல்ல உருவச் சொன்ன. அந்த வெறியிலதான எங்கள அந்த எடத்துல வச்சு வேல வாங்குன?

– எஞ்சினியர் சொன்னாரு, நான் செஞ்சேன். நான் என்ன ஓனரா? எனக்கு மேல ஆளு இருக்கு.

– ஒங்களுக்கெல்லாம் மேல ஆளு இருக்கு. எங்களுக்கு மேல ஓடுதான் இருந்துச்சு.

– எல்லாரும் அமைதியா இருங்க! யாரும் பேசக் கூடாது! கருப்பம்மா, இங்க வா. பாத்து, அந்தக் கல்ல மிதிக்காத. இங்க குனிஞ்சு பேரச் சொல்லிக் கூப்டு. உன் குரலுன்னா அதுக்குத் தெரியும்.

– காளி! ஏ காளி! கருப்பம்மா வந்திருக்கேன்டி! ஒரு சத்தம் குடு ஆத்தா!

– ...

– இன்னொரு தடவ கூப்டும்மா.

– ஏ கழுத, எதுக்கெடுத்தாலும் வாயடிப்பியே, இப்பப் பேசுடி! பேச முடியாட்டி கல்லையாச்சும் தட்டு! காளி! ஒம்மக கேட்டா நான் என்னடி சொல்லுவேன்?

– ...

– ஒண்ணும் கேக்கலம்மா.

– மயக்கமா இருக்கும் சார். காலையில நீச்சத்தண்ணி மட்டுந்தான் குடிச்சா. கொஞ்சம் தண்ணி தெளிச்சா முழிச்சுக்குவா.

– இப்பிடி உக்காரும்மா.

– நான் ஏன் உக்காரணும்? அவுகள எடுக்கச் சொல்லுங்க. என்ன, நாலு பேரு மட்டும் எடுக்குறாக? மத்தவுக எங்க?

– பாதிப் பேர கண்மாய்க்கரைக்கு அனுப்பியிருக்கேன்.

– கண்மாய்க்கரைக்கா? அங்க எதுக்கு சார்?

– இங்க அள்ளுன மண்ணு ரெண்டு டிப்பர் அங்கதான் போயிருக்கு. அங்கயும் பாக்கணும்ல.

– ஆத்தீ...

– அது வந்து சார், வேணும்னா டிப்பர் டிரைவருக்குப் போனப் போட்டு...

– நீ பேசாத. நீ பேசுனா எனக்குக் கை நீண்டுரும். கருப்பம்மா, உன்கிட்ட மறைக்கல. நாங்க வந்து எறங்குனப்போ என் ஆளு ஒருத்தன் வந்து சொன்னான், பின்கட்டுல யாரோ தட்டுற மாதிரி கேக்குது சார்னு. நானும் போயி காத வச்சேன். கல்லு மேல கல்லு. விட்டு விட்டுக் கேட்டுச்சு.

– கேட்டுச்சா?

– கேட்டுச்சு. திரும்பி வந்து நோட்டுல பேரு கூப்டேன். அஞ்சு பேரும் வந்தாச்சு. அப்ப அது ஓடு சரியிற சத்தம்தான்னு முடிவு பண்ணிட்டேன்.

– அப்ப உசுரோட இருந்திருக்கா.

– இருந்திருக்கணும்.

– தட்டியிருக்கா. வாரேன்டின்னு சொல்லிட்டு வந்தேன். நான் வருவேன்னு தட்டியிருக்கா.

– இருபத்தாறு வருசமா இந்த வேலை பாக்குறேன். எண்ணிக்கைய நம்பித்தான் உள்ள போவோம், எண்ணிக்கைய நம்பித்தான் வெளிய வருவோம். எனக்கு இன்னைக்குத் தூக்கம் வரணும்னா இது தெரியணும். அந்தப் பொண்ணு எந்த ஜோடி? அத உள்ள விட்டுட்டு 'வந்தாச்சு'ன்னு சொன்னது யாரு?

– ஏத்தா, கருப்பம்மா...

– நோட்டக் குடுய்யா. நாகநாதன்?

– அவுக பொண்டாட்டிதான் ஆயி. ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில இருக்காக.

– வேல்பாண்டி?

– அந்தா, வேப்பமரத்தடியில நிக்கிறாக. பக்கத்துல அழுகுறது வீரலட்சுமி.

– மருதுபாண்டி?

– அவுகளும் ஒச்சம்மாளும் அந்தத் திண்டுல இருக்காக.

– முத்தப்பன்?

– அவுக பொண்டாட்டி ரோகிணி. ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல.

– மிச்சம் பெத்தன். காளீஸ்வரி பெத்தன் பொண்டாட்டியா? எங்கம்மா அந்த ஆளு? பொண்டாட்டி வெளிய வரலன்னு கூடவா ஒரு மனுசனுக்குத் தெரியாது? கூப்டு அவன!

– பெத்தன் எம்புருசன் சார். செத்து நாலு வருசமாச்சு.

– என்னம்மா சொல்ற?

– சாரத்துல இருந்து விழுந்தாரு. அதுக்கப்பறம் ஒத்தப் பொம்பளைக்கு வேல இல்லன்னுட்டாக. காளி புருசன் திருப்பூருக்குப் போனவன் போனவன்தான். அவளும் ஒத்த, நானும் ஒத்த. மேஸ்திரி வாசல்ல ரெண்டு பேரும் கெடையாக் கெடந்தோம். நோட்டுல பெத்தன் பேரு இருக்கு, அந்தப் பேர்லயே ரெண்டு பேரும் ஒரு ஜோடியா வந்துட்டுப் போங்க, எஞ்சினியர் மொகத்தவா பாக்கப் போறாருன்னு சொன்னாக.

– நான் நல்லதுக்குத்தான் சார் பண்ணுனேன். தனியாப் பேரு எழுதுனா பொம்பளையாளுக்குத் தனியா இன்சூரன்ஸ் போடணும்பாரு எஞ்சினியர், வேணாம்னு நிப்பாட்டிருவாரு...

– மூணு வருசமா பெத்தன் ஜோடின்னா நாங்கதான் சார். நான் புருசன், அவ பொண்டாட்டி. 'ஏங்க, டீ குடிக்க வாரீகளா'ம்பா. அம்புட்டுப் பேரும் விழுந்து விழுந்து சிரிப்பாக. சண்ட வந்துட்டா 'ஒங்கள அத்து விட்டுட்டு நான் வேற ஆளப் பாத்துக்குறேன்'ம்பா. சாயங்காலம் பஸ்ஸுல என் தோள்லதான் சாஞ்சு தூங்குவா. எம்புருசனோட இருந்த நாள்லகூட நான் அம்புட்டுச் சிரிச்சதில்ல சார்.

– இரும்மா. இரு. பெத்தன் உயிரோட இல்லங்கிற. ஆனா நான் பெத்தன்னு கூப்டப்போ குரல் வந்துச்சு. தூசியில மொகம் தெரியல, பொம்பளக் குரல்தான். அந்தாளு பொண்டாட்டி சொல்லுதுன்னு நெனச்சு டிக் போட்டேன். இந்தா பாரு, டிக். அது யாரும்மா, கருப்பம்மா?

– காலையில வந்ததும் பேரு கூப்டுவாக சார். சாயங்காலம் போறப்பவும் கூப்டுவாக. பெத்தன்னு காதுல விழுந்தா என் வாயி தன்னால சொல்லிரும். மூணு வருசமா அதுதான் பழக்கம்.

– அம்மா...

– நான் மட்டுந்தான் சார் வெளிய வந்திருந்தேன். திரும்பிக்கூடப் பாக்காம, வந்தாச்சுன்னு நான்தான் சார் சொன்னேன்.